ஸ்லீப்பிங் டாக்ஸ் இப்போது வாங்கி விளையாடலாமா? ஜிடிஏ 5 முடித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

செம்பனைக்காடு:

வணக்கம் மக்களே. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன், டவுன் இல்லை, உள்ளே தோட்டத்துப் பக்கம். மச்சான் கோலாலம்பூருக்கு மாறிப் போகும்போது அவனுடைய பழைய பிஎஸ்4 கேம் பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். அதோடு வந்த ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கதையை முடித்துவிட்டேன். ஆன்லைன் பக்கம் போகிற எண்ணம் இல்லை. இங்கே லைன் என்றால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான், இடி மழை வந்தால் அதுவும் போய்விடும், அதற்கு மேல் பிஎஸ் பிளஸ் சந்தா வேறு கட்ட வேண்டும்.

ஈப்போவில் பழைய டிஸ்க் விற்கிற கடை ஒன்றில் ஸ்லீப்பிங் டாக்ஸ், டெஃபினிட்டிவ் எடிஷன், 40 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார்கள். பேசினால் 35-க்கு இறங்குவார்கள் போல. அட்டையைப் பார்த்தால் ஹாங்காங், அடிதடி, கார், அவ்வளவுதான் தெரிகிறது. 2012-இல் வந்த கேம், இத்தனை வருஷம் கழித்து விளையாட அதில் ஏதாவது இருக்கிறதா, இல்லை ஜிடிஏவைப் பார்த்துச் செய்த கூட்டத்தில் இதுவும் ஒன்றா? குறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். யூடியூப்பில் போனால் ஆளாளுக்குத் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள், நம்ப முடியவில்லை.

இன்னொன்று. அக்கா மகன் படிவம் 2 படிக்கிறான். சனி ஞாயிறு ஆனால் இங்கேதான் கிடப்பான். அவன் பக்கத்தில் இருக்கும்போது இதைப் போடலாமா?

பட்டறைவாசி:

35-க்குத் தந்தால் பேசாமல் வாங்கிவிடுங்கள் தலைவரே.

ஆனால் எதை எதிர்பார்த்து வாங்குகிறீர்கள் என்பது முக்கியம். ஜிடிஏ 5 மாதிரி பெரிய உலகம் வேண்டும், மலை ஏறணும், விமானம் ஓட்டணும், கடலுக்குள் முங்கணும் என்று நினைத்தால் இரண்டாம் நாளே டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஊர் முழுக்க இஷ்டத்துக்குச் சுற்றுகிற ஓப்பன் வேர்ல்டு என்ற வகையில் இது சுமார்தான். நார்த் பாயிண்ட், சென்ட்ரல், அபர்டீன், கென்னடி டவுன் என்று நாலு பகுதி, அதோடு ஊர் முடிந்தது. எதிர்க்கரை கவ்லூன் பக்கமே கிடையாது. ஆனால் குற்றக் கதை என்ற வகையில் ஜிடிஏ 5 இதன் பக்கத்தில்கூட வராது. அங்கே ஊர் பிரமாதம், குற்றம் வெறும் கூத்து. இங்கே அப்படியே தலைகீழ்.

கதை என்னவென்றால், வெய் ஷென் போலீஸ்காரன், சன் ஆன் யீ என்கிற கும்பலுக்குள் ஒற்றனாக நுழைகிறான். அவனை உள்ளே கொண்டு சேர்ப்பது சின்ன வயசுக் கூட்டாளி ஜாக்கி மா. இந்த ஜாக்கி இருக்கிறானே, அவனுக்காகவே இந்த கேமை விளையாடலாம். பெரிய ரவுடி இல்லை, கை நடுங்குகிற ஆள். ஆனால் நாலு பேர் தன்னைப் பார்த்து ஒதுங்கி நிற்கணும், அண்ணன் என்று கூப்பிடணும் என்ற ஆசை மட்டும் கழுத்து வரைக்கும் இருக்கிறது. அவனை மாதிரி ஒருத்தனோடு நாம் எல்லோருமே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். நடுவில் ஒரு கல்யாண மிஷன் வரும், அதற்கு அப்புறம் கதை பிடிக்கிற பிடி வேறு. என்ன நடக்கும் என்று சொல்ல மாட்டேன், யூடியூப்பில் தேடிப் பார்த்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சண்டை இதன் உயிர். வெகுநேரம் வரைக்கும் கையில் துப்பாக்கியே கிடைக்காது. நாலைந்து பேர் சந்துக்குள் வளைத்துக்கொள்வார்கள், அடிக்க வருகிறவன் உடம்பு ஒரு நொடி சிவப்பாக மின்னும், சரியாக அப்போது பட்டனைத் தட்டினால் வெய் அவன் அடியை வாங்கித் திருப்பிக் கொடுப்பான், பட்டனை வெறுமனே தட்டிக்கொண்டே இருந்தால் வெளுத்து அனுப்பிவிடுவார்கள். ஒருத்தனைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தால் சுற்றி உள்ள சாமான்களில் சிலது சிவப்பாக ஒளிரும், டெலிபோன் பூத், சுழல்கிற காற்றாடி, மீன்தொட்டி, மரம் அறுக்கிற ரம்பம். எதில் கொண்டுபோய் மோதுவது என்பது உங்கள் இஷ்டம். முதல் தடவை அந்தக் காற்றாடியைப் பார்த்து நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மிஷனுக்கும் இரண்டு கணக்கு ஓடும். கும்பல் பக்கம், எவ்வளவு முரட்டுத்தனமாக அடிக்கிறீர்களோ அவ்வளவு ஏறும். போலீஸ் பக்கம் தொடக்கத்தில் முழுசாக இருக்கும், வழியில் போகிறவனை இடித்தாலோ ரோட்டுச் சாமானை உடைத்தாலோ குறைந்துகொண்டே வரும். அதனால் துரத்திக்கொண்டு போகும்போதுகூட நாம் விளக்குக் கம்பத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம். நீ உண்மையில் போலீஸ் என்பதை வசனத்தில் சொல்லாமல் விரலுக்குச் சொல்கிற வேலை அது.

அப்புறம் கார் இடப்பக்கம் ஓடும், ஸ்டீயரிங் வலப்பக்கம், நம்ம ஊர் மாதிரியே. ஜிடிஏவில் எதிர்ப்பக்கம் போய் முட்டிக்கொண்டே இருந்தவனுக்கு இது பெரிய நிம்மதி.

குறையைக் கேட்டீர்கள் அல்லவா. இது முதலில் ட்ரூ க்ரைம் வரிசையில் வர வேண்டிய கேம். கனடாவில் யுனைடெட் ஃபிரண்ட் கேம்ஸ் செய்துகொண்டிருந்தார்கள், 2011 பிப்ரவரியில் வெளியிட வேண்டிய ஆக்டிவிஷன் கைவிட்டது, அதே வருஷம் ஸ்குவேர் எனிக்ஸ் எடுத்து, பெயரை மாற்றி, 2012 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். நடுவில் நின்று எழுந்த கேம் என்பது சில இடத்தில் தெரியும். பூட்டுத் திறப்பது, கேமராவை ஹேக் பண்ணுவது, ஒட்டுக்கேட்கிற கருவி வைப்பது என்று சின்னச் சின்ன விளையாட்டுகள், முதல் தடவை சுவாரசியம், அப்புறம் அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். துப்பாக்கிச் சண்டை சப்பென்று இருக்கும், தடுப்பைத் தாண்டிக் குதிக்கும்போது எல்லாம் மெதுவாக ஓடுகிற அந்த ஒரு வித்தை மட்டும் காப்பாற்றுகிறது. போலீஸ் துரத்தினால் பக்கவாட்டில் ஒரு இடி, அவன் காலி. கார் ஓட்டும்போது கேமரா அது பாட்டுக்குத் திரும்பும், அதைத் திட்டாமல் விளையாடியவனை நான் பார்த்ததில்லை.

லாஸ்சாண்டோஸ்_லோரி:

மேலே சொன்னவரின் ரசனையை மதிக்கிறேன், ஆனால் "குற்றம் வெறும் கூத்து" என்பது ஜிடிஏவுக்கு அநியாயம். அது கூத்தாகத்தான் செய்யப்பட்டது. அமெரிக்காவின் பணப்பைத்தியம், டிவி பைத்தியம், உளவுத்துறை அட்டகாசம், இதையெல்லாம் கிண்டல் பண்ணுகிற கேமில் ஜாக்கி மாதிரி அழுகிற ஆளைத் தேடினால் எப்படிக் கிடைப்பான்?

மைக்கேல், ஃபிராங்க்ளின், ட்ரெவர் என்று மூன்று நாயகர்களுக்கும் நடுவில் மாறுகிற அந்த ஒன்றுக்கே மார்க் போடணும். மைக்கேலை வீட்டில் விட்டுவிட்டு ட்ரெவருக்கு மாறினால் அவன் எங்கேயோ மலை உச்சியில் பாவாடை சட்டையோடு போதை தெளிந்து எழுந்துகொண்டிருப்பான். நாம் பார்க்காத நேரத்திலும் இவர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வருகிறது, 2013-இல் இதை வேறு யார் செய்தார்கள்? அப்புறம் கொள்ளைத் திட்டம். சத்தமில்லாமல் போகலாமா, சுட்டுக்கொண்டு போகலாமா என்று நாமே முடிவு பண்ணலாம், ஆளையும் நாமே எடுக்கலாம். நகைக்கடைக்கு மலிவான ஹேக்கரை எடுத்தால் உள்ளே கிடைக்கிற நேரம் குறையும். இப்படி யோசிக்க வைக்கிற ஒரு மிஷன்கூட ஸ்லீப்பிங் டாக்ஸில் கிடையாது, எல்லாமே போ, அடி, திரும்பி வா.

அதற்காக ஜிடிஏ 5-க்குக் குறை இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கொள்ளை மிஷன்கள் கைவிரல் எண்ணிக்கைதான், நடுவில் இருப்பது முழுக்க ஓட்டு, சுடு, ஓட்டு. உலகம் இவ்வளவு பெரிசு, ஆனால் மிஷனுக்குள் போனால் கூட வருகிறவனை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே மிஷன் தோல்வி என்று எழுத்து வந்துவிடும். நகைக்கடையில் அடித்த காசும் கைக்கு வராது, மைக்கேல் யாருடைய வீட்டையோ இடித்துத் தள்ளியதற்கு 25 லட்சம் டாலர் கடன். கடைசியில் உண்மையான பணம் வருவது கொள்ளையில் இல்லை, கூட்டாளி லெஸ்டர் சொல்கிற கொலைகளைச் செய்து பங்குச் சந்தையில் போட்டு எடுப்பதில். ட்ரெவர் ஒருத்தனைச் சித்திரவதை பண்ணுகிற மிஷனில் கருவியைத் தேர்ந்தெடுத்து அழுத்துவது நாம்தான், வேண்டாம் என்றால் விட மாட்டார்கள். கிண்டல் என்ற பெயரில் அதை ஏற்றுக்கொள்ள என்னால் இன்றைக்கும் முடியவில்லை.

கதைக்குக் கூடுதல் பாகம் வரும் வரும் என்று காத்திருந்தோம், வரவே இல்லை, எல்லாச் சக்தியும் ஆன்லைனுக்குப் போய்விட்டது. அடுத்த ஜிடிஏ 2026 நவம்பர் 19 என்று அறிவித்திருக்கிறார்கள், பிஎஸ்4-க்குக் கிடையாது, அதனால் செம்பனைக்காடு அண்ணே, அதற்காகக் காசு சேர்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

ஹாட்ஸ்பாட்_வீரன்:

ஆன்லைன் பேச்சு வந்ததால் ஒன்று. ஜிடிஏ ஆன்லைன் திறக்க அத்தனை நேரம் எடுத்ததற்கு நம்ம லைனைத் திட்டித் தீர்த்தோம் இல்லையா? கேமின் குறைதான் அது. 2021-இல் ஒரு பிளேயர் தானே நோண்டிப் பார்த்து, கடைப் பொருள்களின் பட்டியல், 10 எம்பி எழுத்துக் கோப்பு, சுமார் 63,000 பொருள், அதை கேம் மகா முட்டாள்தனமாகப் படித்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார். திருத்திப் பார்த்தபோது காத்திருக்கிற நேரம் 70 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. ஜிடிஏவைச் செய்த ராக்ஸ்டார் ஒத்துக்கொண்டு அவருக்கு 10,000 டாலர் கொடுத்து, அந்த மார்ச்சிலேயே அப்டேட்டும் விட்டார்கள். இத்தனைக்கும் கேம் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஸ்லீப்பிங் டாக்ஸுக்கு இந்தத் தொல்லையே இல்லை, தனியாள் கேம், டிஸ்க்கைப் போட்டால் நெட் இல்லாமலே ஓடும்.

மாலை_ஷிப்ட்:

நான் பிறையில் ஃபேக்டரி வேலை, ஷிப்ட் முடிந்து வந்துதான் விளையாடுவேன். அண்ணன்மார் இரண்டு பேரும் இவ்வளவு எழுதியும் ஒன்றைத் தொடவே இல்லை.

ஸ்லீப்பிங் டாக்ஸில் வருகிற பெண்களுக்குச் செய்ய ஒரு வேலையும் கிடையாது. எம்மா ஸ்டோனைக் குரல் கொடுக்க வைத்திருக்கிறார்கள், அமாண்டா என்கிற அமெரிக்கப் பெண். வருவாள், போட்டோ எடுப்பாள், வெய்யோடு சுற்றுவாள், போய்விடுவாள். அவளோடு போய் வந்ததற்குப் பலன் என்ன தெரியுமா, மேப்பில் சன்னதிகள் எங்கே இருக்கின்றன என்று குறி தெரிய வரும். மற்றவர்களும் கிட்டத்தட்ட இதே கதை. ஒரு மனுஷியோடு பழகியதற்கு மேப் குறிதான் சம்பளமா? எழுதியவர்களுக்கே கூச்சமாக இல்லையா என்று தோன்றியது. ஜாக்கிக்கு அவ்வளவு உயிர் கொடுத்த அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது. ஜிடிஏ 5-இலும் மூன்று நாயகர்களும் ஆண்கள், மைக்கேலின் மனைவி மகள் இரண்டு பேரையும் கத்துவதற்கென்றே வைத்திருக்கிறார்கள், அதனால் அந்தப் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, இரண்டில் நான் மறுபடி போட்டு விளையாடுவது ஸ்லீப்பிங் டாக்ஸ்தான். ஊர் சின்னது என்கிறீர்கள், சின்னதாக இருப்பதால்தான் ரோடு மனப்பாடமாகிறது. ராத்திரி மழை பெய்யும்போது நார்த் பாயிண்ட் சந்தையில் சும்மா நடந்து பாருங்கள். தரையில் கடை விளக்கு சிவப்பும் பச்சையுமாக ஓடும், மேலே ஜன்னல் ஜன்னலாகத் துணி தொங்கும், பாவ் (ஆவியில் வெந்த பன்) விற்கிறவன் பாவ் சாப்பிடாதவன் முழு மனுஷனே இல்லை என்று கத்திக்கொண்டிருப்பான். வாங்கிச் சாப்பிட்டால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எங்கள் ரோட்டோர முனீஸ்வரர் மாதிரி அந்தச் சன்னதிகளும் எதிர்பாராத மூலையில் இருக்கும், கும்பிட்டுவிட்டுப் போனால் ஹெல்த் கூடும். ஜிடிஏவின் லாஸ் சாண்டோஸ் ஊரில் நூறு மணி நேரம் கார் ஓட்டலாம், ஆனால் இறங்கி நடக்கத் தோன்றிய தெரு ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பட்டறைவாசி:

@மாலை_ஷிப்ட் சரியாகச் சொன்னீர்கள் தங்கச்சி, எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை. விவியன் என்று இன்னொரு பாத்திரம், லூசி லியூ குரல், அவளும் இரண்டு மூன்று மிஷனோடு சரி.

பேச்சு பற்றி ஒன்று சேர்க்கிறேன். நான் வேலை செய்கிற பட்டறையில் தவுக்கே (முதலாளி), கூட இருக்கிறவர்கள் எல்லாரும் கண்டோனீஸ்தான், ஈப்போவில் அது இல்லாமல் பிழைப்பு நடக்காது. அதனால் கேமில் ரோட்டில் போகிறவர்கள் பேசுவது காதுக்குப் பழகிய சத்தம். ஆனால் முக்கிய ஆள்கள் அமெரிக்க இங்கிலீஷில் முழு வசனம் பேசிக்கொண்டே வந்து நடுவில் ஒரு கண்டோனீஸ் வசவைச் செருகுவார்கள், அது அந்தரத்தில் தொங்கும். என் தவுக்கேயின் மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

@லாஸ்சாண்டோஸ்_லோரி கூத்து என்று தெரிந்தேதான் சொன்னேன். கிண்டல் பண்ணட்டும், ஆனால் முப்பது மணி நேரம் யார் மேலும் அக்கறை இல்லாத ஆட்களோடு இருந்துவிட்டு முடிவில் யாரைக் கொல்வது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் எனக்கு யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

லாஸ்சாண்டோஸ்_லோரி:

ஒன்றுதான் என்பவர் எந்த முடிவைத் தேர்ந்தெடுத்தீர்கள்? மூன்று பேரையும் காப்பாற்றுகிற மூன்றாவதைத்தானே? அப்போ கொஞ்சம் அக்கறை இருந்திருக்கிறது தலைவா 😄

தாமான்_அப்பா:

கேள்வி போட்ட தம்பி கடைசியில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டுமே ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்திய கேம்கள். படிவம் 2 என்றால் 14 வயசு. வேண்டாம். ஸ்லீப்பிங் டாக்ஸ் அந்த விஷயத்தில் ஜிடிஏவை விட மோசம் என்றுகூடச் சொல்வேன், ஜிடிஏவில் கார் வெடிக்கிறது, தூரத்தில் ஆள் விழுகிறான், இங்கே வெட்டுக் கத்தியும் ரம்பமும் முகத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறார்கள். சண்டையை ரசிக்கிற வயசு அது, அந்தக் காற்றாடியை மட்டும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வான்.

எனக்கு ரத்தத்தை விடக் கவலை வேறு. நம்ம பையன்களுக்குக் கும்பல் என்பது ஹாங்காங் சமாச்சாரம் இல்லை. 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயரை வெளியிட்டது நினைவிருக்கும், எண்ணையே பெயராக வைத்த கும்பல்கள், ஆட்களில் பெரும்பாலோர் நம்ம இந்தியர்கள் என்றார்கள். தோட்டத்தை விற்று, தொழிலாளர் லயத்தை இடித்து, குடும்பங்களைத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்கும் அடுக்குமாடிக்கும் அனுப்பிய பிறகு வேலை இல்லாமல் மோட்டாரில் சுற்றிய பையன்களை யார் முதலில் கூப்பிட்டுச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள் என்பது இங்கே பல பேருக்குத் தெரியும். ஜாக்கி யார் என்று பட்டறைவாசி சொன்னாரே, அவன் எங்கள் வரிசையிலேயே இருந்தான். வெயிட்டான ஆளோடு நின்று போட்டோ எடுத்துப் போடுவான், அவ்வளவுதான் அவன் ரவுடித்தனம். கூட இருந்தவர்கள் செய்ததற்கு இவனும் உள்ளே போனான்.

அதனால் இந்த கேம் கும்பலை அழகாகக் காட்டுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். சின்னக் கடைக்காரனிடம் வசூல் பண்ண அனுப்புகிறார்கள், பெரியவர் செத்தால் நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்கள், அண்ணன் அண்ணன் என்பவன் முதுகுக்குப் பின்னால் வேறு பேசுகிறான், எல்லாம் உள்ளதை உள்ளபடிதான். 18 தாண்டியவன் விளையாடினால் யோசிப்பான். 14 வயசுக்காரனுக்கு இதில் சட்டையும் பச்சை குத்தலும் கும்பலாக நடந்து வருவதும் மட்டும்தான் கண்ணில் படும். என் பையனுக்கு ஃபுட்பால், கார் ரேஸ், அதோடு நிறுத்தியிருக்கிறேன். ஒளித்து விளையாடுகிறானா என்பது வேறு விஷயம்.

ஹாட்ஸ்பாட்_வீரன்:

அண்ணே நாமெல்லாம் 14 வயசில் டவுன் சிசியில் (சைபர் கஃபே) ஒரு மணிக்கு 2 வெள்ளி கொடுத்து ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விளையாடியவர்கள்தானே, அதுவும் நம்ம ஊர் புரோட்டோன் சாகா காரைச் சேர்க்கிற மோட் போட்டு.

தாமான்_அப்பா:

ஆமாம், அதில் சிலர் எங்கே இருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும். கேம்தான் காரணம் என்று சொல்லவில்லை தம்பி. மாமா பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிக் காட்டுவது, அது சரி என்று மாமா சொல்வது மாதிரி.

செம்பனைக்காடு:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. 35-க்கே கொடுத்தார்கள், டிஸ்க்கில் ஒரு கீறல் இருக்கிறது ஆனால் ஓடுகிறது. அக்கா மகன் வருகிற நாளில் ஃபுட்பால், அவன் தூங்கப் போன பிறகு ஹாங்காங். தாமான் அண்ணன் சொன்னது சரியாகத்தான் படுகிறது.

இப்போதைக்கு ஆரம்பம்தான், சந்தைக் கடைகளில் வசூல் பண்ணுகிற இடம். சண்டை பிடித்திருக்கிறது. கேமரா, பட்டறை அண்ணன் சொன்ன மாதிரியே, திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். மூன்று பேருக்கு மேல் சுற்றி வந்தால் அடி வாங்கியே சாகிறேன், புது அடி எதுவும் வர மாட்டேன் என்கிறது, மிஷனை முடித்துக்கொண்டே போனால் தானாக வருமா?

பட்டறைவாசி:

பாதிதான் வரும். மீதிக்கு ஊருக்குள் ராசி விலங்குகளின் ஜேட் சிலைகள் ஒளிந்திருக்கும், கிடைத்ததும் தற்காப்புக் கலைப் பள்ளிக் குருவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி சொல்லித் தருவார். கதையை முடித்த பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், கதை முடிந்த பிறகு அந்த ஊரில் அடிக்க ஆளே பெரிசாக இருக்காது. கும்பலாக வந்தால் கத்தி வைத்திருப்பவனை முதலில் பிடித்து எதிலாவது மோதுங்கள், அவன் கத்தி உங்கள் கைக்கு வந்துவிட்டால் மற்றவர்கள் தயங்குவார்கள். டெஃபினிட்டிவ் எடிஷன் என்பதால் அலமாரியில் ஆரம்பத்திலிருந்தே கூடுதல் உடைகள் கிடக்கும், சிலது அடியின் பலத்தை ஏற்றும். அதைப் போட்டுக்கொண்டு போனால் சண்டை சப்பென்று ஆகிவிடும், முதலில் சொந்தச் சட்டையோடு விளையாடுங்கள்.

மாலை_ஷிப்ட்:

பாவ் சாப்பிட்டுவிட்டுப் போங்க அண்ணே, அதை விட்டுவிட்டார்.